அந்தி விளக்குக்கு 12 அங்குல வார்ப்பு நிலவிளக்கு: வாங்கலாமா?

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பாத்திரக் கடைகளிலும், எல்லை தாண்டினால் திருவனந்தபுரத்தின் ‘சாலை’ என்கிற கடைவீதியிலும் அடுக்கி வைத்திருக்கிற வார்ப்புப் பித்தளை நிலவிளக்குகளில் 12 அங்குல அளவைப் பற்றிய மதிப்புரை இது. தினமும் விளக்கு வைக்கிற வீட்டுக்கு இந்த அளவுதான் பொருத்தம். கல்யாணச் சீராக வருகிற மூன்றடி விளக்கு அழகுதான். ஆனால் அதைக் கழுவ இரண்டு பேர் வேண்டும், தட்டு நிறைய எண்ணெய் வேண்டும், காய வைக்க முற்றம் வேண்டும். கடைசியில் அது திருவிழாவுக்குத் திருவிழா மட்டும் எரியும். வீட்டில் நன்றி சொல்லும் பழக்கம் நிலைக்க வேண்டுமானால், பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளை ஒரு கையால் தூக்கி வைக்கக்கூடிய விளக்கு வேண்டும். 12 அங்குல வார்ப்பு விளக்கு ஒன்றரைக் கிலோவுக்கு முன்னே பின்னே இருக்கும். எட்டு வயதுப் பிள்ளைக்கு அது பாரமில்லை, பூனை உரசினால் சாய்கிற அளவுக்கு லேசும் இல்லை.

நிலவிளக்கின் தட்டு வட்டமானது. குத்துவிளக்கில் இருப்பதுபோல் ஐந்து முகம் பிரித்து வைத்திருக்க மாட்டார்கள். அதனால் திரியை எந்தத் திசையிலும் வைக்கலாம். காலையில் கிழக்கு பார்த்து ஒன்று, அந்தியில் கிழக்கும் மேற்கும் பார்த்து இரண்டு என்பது எல்லையின் இருபுறமும் பரவலான வழக்கம். தெற்கு பார்த்துத் தனியாக ஒரு திரி வைப்பதில்லை. அடித்தட்டு அகலமாக இருப்பதால் வழியும் எண்ணெயை அதுவே வாங்கிக்கொள்ளும். உச்சியில் இருக்கும் கூம்பு தனியாகத் திருகிக் கழற்றும்படி வரும். அந்த இடத்தில் சிலுவை வைத்த நிலவிளக்கு கேரளத்து சிரியன் கிறிஸ்தவர்களின் பழைய வழக்கம். குமரி மாவட்டத்துக் கடைகளில் கேட்டாலும் வரவழைத்துத் தருவார்கள். அய்யாவழியினரின் வழிபாட்டு இடங்களான தாங்கல்களில், வணங்குகிற கண்ணாடியின் இருபுறமும் விளக்கு எரியும். அதுபோல வீட்டிலும் வைக்கிறவர்களுக்கு ஒரே வார்ப்பில் ஜோடியாக வாங்குவது நல்லது. தனித்தனியாக வாங்கினால் உயரம் அரை அங்குலம் மாறினாலும் கண்ணாடி அதைக் காட்டிக் கொடுத்துவிடும்.

கடையில் முதல் வேலை விளக்கைத் தலைகீழாகத் திருப்பிப் பார்ப்பது. அடிப்பாகம் உள்ளே குழிவாக, மணல் வார்ப்பின் சொரசொரப்போடு இருந்தால் நல்ல அறிகுறி. அதை வெள்ளைச் சாந்தோ அரக்கோ போட்டு அடைத்திருந்தால் வேண்டாம், எடைக்கு விலை கொடுக்கும்போது அந்தச் சாந்துக்கும் பித்தளை விலை கொடுக்கிறீர்கள். அடுத்தது காந்தம். சின்னக் காந்தம் ஒன்றைச் சட்டைப்பையில் கொண்டுபோய்த் தண்டின் மேல் வையுங்கள். பித்தளையில் காந்தம் ஒட்டாது. ஒட்டினால் உள்ளே இரும்புக் கம்பி விட்டு இறுக்கியிருக்கிறார்கள் என்று அர்த்தம். மழைக்காலத்தில் அந்தக் கம்பி துருப்பிடித்து வீங்கும், பிறகு விளக்கைக் கழற்றவே முடியாது.

பிறகு விரல் முட்டியால் தட்டின் விளிம்பைத் தட்டுங்கள். பித்தளை குறுகிய ஓசை தரும். வெண்கலமானால் ஓசை நீண்டு ஒலிக்கும், ஏனென்றால் அது செம்பும் வெள்ளீயமும் சேர்ந்தது. மணி வார்க்கிற கலவையில் ஏறக்குறைய 78 பங்கு செம்பு, 22 பங்கு வெள்ளீயம். பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும். இரண்டில் எது என்றாலும் ஓசை கரகரவென்று உடைந்து வந்தால் எங்கோ விரிசல் இருக்கிறது. ஆலப்புழை மாவட்டத்து மான்னார் வெண்கல வார்ப்புக்குப் பெயர் போன ஊர். அங்கிருந்து வருகிற வெண்கல விளக்கு விலை கூடுதல், நிறம் சற்று மங்கிய தங்கம் போல நிற்கும், பச்சை பிடிப்பதும் குறைவு. ஆனால் கீழே போட்டால் பித்தளை நெளியும், வெண்கலம் உடையும். சின்னப் பிள்ளைகள் கை வைக்கிற விளக்குக்குப் பித்தளையே போதும். விளக்கைப் பூஜை அறைக்குள் பத்திரப்படுத்துவதைவிட அவர்கள் கையில் கொடுப்பது முக்கியம்.

எல்லாவற்றையும்விடக் கவனமாகப் பார்க்க வேண்டியது தட்டின் நடுப்பகுதி. தட்டையும் தண்டையும் இணைக்கிற மரை தட்டோடு சேர்த்தே வார்க்கப்பட்டிருக்கிறதா, அல்லது தட்டில் துளை போட்டு அதன் வழியாகத் திருகாணி இறக்கியிருக்கிறதா என்று பாருங்கள். துளை போட்ட விளக்கு ஒழுகும். இன்றில்லாவிட்டால் ஆறு மாதத்தில். எரியும்போது எண்ணெய் சூடாகி நீர்த்துப்போய் மரை வழியே இறங்கித் தண்டெல்லாம் பிசுபிசுக்கும், வீட்டில் எல்லோரும் விளக்கைத் தொடவே தயங்குவார்கள். சேர்த்து வார்த்த தட்டுக்கு இந்தத் தொல்லை இல்லை. ஏற்கெனவே துளை விளக்கு வாங்கிவிட்டவர்கள், மரையில் பருத்தி நூலைத் தேன்மெழுகில் தோய்த்துச் சுற்றி இறுக்கலாம். குழாய்க்காரர்கள் பயன்படுத்துகிற டெஃப்லான் டேப்பும் வேலை செய்யும். எம்-சீல் போன்ற பசை வேண்டாம், ஒட்டிவிட்டால் கழற்றிக் கழுவ வழியில்லாமல் போகும்.

மணல் வார்ப்பில் ஊசித் துளைகள் வருவதும் உண்டு. கடைக்காரரிடம் சொல்லித் தட்டில் தண்ணீர் ஊற்றி, அடியில் செய்தித்தாள் விரித்துப் பத்து நிமிடம் வைக்கச் சொல்லுங்கள். நல்ல கடையில் முகம் சுளிக்க மாட்டார்கள். எல்லாப் பாகங்களையும் முழுவதும் கழற்றி மறுபடி திருகிப் பாருங்கள். கடைசிச் சுற்றில் இறுகி நிற்க வேண்டும். இறுகிய பிறகும் தட்டு ஆடினால் மரை தேய்ந்தது.

கும்பகோணத்துக்கு அருகே நாச்சியார்கோயிலில் செய்கிற, புவிசார் குறியீடு பெற்ற குத்துவிளக்குகள் கடைசலிலும் இணைப்பிலும் இதைவிட நேர்த்தியானவை. காவிரிப் படுகையின் வண்டல் மணலில் வார்ப்பதால் மேற்பரப்பு வழவழப்பாக வரும். கூடத்தில் நிரந்தரமாக நிற்கும் விளக்கு வேண்டுமென்றால் அதையே வாங்குங்கள். தினசரி அந்திக்கு மட்டும் சொல்கிறேன், ஐந்து முகத்தின் ஐந்து மடிப்பிலும் எண்ணெய் தங்கும், தேய்க்கப் பிரஷ் வேண்டும். நிலவிளக்கின் வட்டத் தட்டு ஒரே சுற்றில் துடைத்து முடியும். தகட்டில் அழுத்திச் செய்த மெலிந்த விளக்குகள் பரிசுக்கு வாங்குகிறவர்களுக்கானவை. மின்சாரத் தீபம் இந்த மதிப்புரைக்குள் வராது. திரி திரிக்க, எண்ணெய் ஊற்ற, காத்திருக்க யாரையும் அது கேட்பதில்லை. ஒரு குடும்பத்தை ஐந்து நிமிடம் உட்கார வைப்பதே அந்த மூன்று வேலைகள்தான்.

புது விளக்கு பெரும்பாலும் லாக்கர் என்கிற வார்னிஷ் போன்ற பூச்சோடு வரும். கடையில் பளபளக்கும், வீட்டில் முதல் வாரமே தீச்சுடர் படுகிற இடத்தில் பழுப்பாகக் கருகி உரியும். இதைப் பார்த்து மட்டமான பித்தளை என்று திருப்பிக் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். பித்தளையில் குற்றமில்லை. பாகங்களைக் கழற்றி, ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி சமையல் சோடா போட்டு, எவர்சில்வர் பாத்திரத்தில் பதினைந்து நிமிடம் கொதிக்க விட்டால் பூச்சு தளர்ந்து வந்துவிடும். மிச்சத்தைத் தேங்காய் நாரால் தேய்க்கலாம். கம்பிச் சுருள் போட்டால் கீறல் விழும், கீறலில் எண்ணெய் தங்கும்.

திரிக்கு வருவோம். பாக்கெட்டில் வருகிற பஞ்சுத் திரிகளில் பாலியெஸ்டர் கலந்தவை உண்டு. ஒன்றை எரித்துப் பாருங்கள்: பருத்தி மிருதுவான சாம்பலாகும், கலப்படம் நுனியில் கறுப்பு மணியாக உருகிக் கெட்டிப்படும். வீட்டில் பழைய பருத்தி முண்டு (வேட்டி) இருந்தால் கடைத் திரியே வேண்டாம். பாலராமபுரம் கைத்தறி முண்டு கிழிந்த பிறகு மிகச் சிறந்த திரியாகும். கசவு என்கிற ஜரிகைக் கரையை ஒதுக்கிவிட்டு, ஓர் அங்குல அகலம், ஐந்து அங்குல நீளம் கிழித்துத் தொடையில் வைத்துத் திரிக்க வேண்டும். புதுத்துணி உதவாது. அதிலுள்ள கஞ்சி எண்ணெயை இழுக்க விடாது. இரண்டு மூன்று முறை வெந்நீரில் அலசி வெயிலில் காய வைத்தால்தான் சரியாகும். இரண்டு திரிகளைச் சேர்த்துக் கூப்பிய கைபோல நுனியை ஒன்றாக்கி ஒரு சுடராக ஏற்றுவது இங்குள்ள முறை. ஒற்றைத் திரியைவிட அது நின்று எரியும் என்பதும் உண்மை. திரி திரிப்பது ஆறு வயதுப் பிள்ளைக்கு அருமையான வேலை. ஞாயிற்றுக்கிழமை வாரம் முழுவதற்கும் உருட்டி ஒரு டப்பாவில் போட்டு வைத்தால், அந்தியில் டப்பாவைத் திறக்கும் உரிமையும் பிள்ளைக்கே போய்விடும். தாத்தாவின் முண்டு விளக்கில் எரிவதில் பிள்ளைகளுக்கு ஒரு பெருமிதம்.

எண்ணெயைப் பொறுத்தவரை தட்டை நிரப்ப வேண்டியதில்லை. இந்த அளவுத் தட்டு 60 முதல் 100 மில்லி வரை கொள்ளும். அந்திக்கு 25, 30 மில்லி போதும். ஒரு சுடர் மணிக்கு 5 மில்லி அளவு குடிக்கும், திரியின் தடிமனைப் பொறுத்துச் சற்றுக் கூடும் குறையும். இரண்டு சுடர் அரை மணி நேரம் எரிந்தால் 5 மில்லிதான் செலவு. நாள்தோறும் எரித்தாலும் மாதத்துக்கு 150 மில்லி. நிறைய ஊற்றி மிச்சத்தை நாள்கணக்கில் தட்டிலேயே விட்டால் எண்ணெய் பச்சையாகும். எண்ணெயில் உள்ள கொழுப்பு அமிலம் செம்பைக் கரைப்பதால் வருகிற களிம்பு அது. பச்சையான எண்ணெயில் திரி தடிப்பேறி, சுடர் மங்கும். அதைச் சமையலறைப் பக்கமே கொண்டுபோகக் கூடாது.

நல்லெண்ணெய் எல்லாக் காலத்துக்கும் ஏற்றது. தேங்காய் எண்ணெய் நம் பக்கத்தில் புதிதாகச் செக்கில் கிடைக்கும், புகையும் குறைவு. 24 டிகிரிக்குக் கீழே உறையும் என்பதுதான் அதன் குறை. நாகர்கோவிலில் பெரிய சிரமமில்லை, ஆனால் குமுளி, கூடலூர் பக்கம் மார்கழிக் காலையில் கட்டியாக நிற்கும். கொஞ்சம் நல்லெண்ணெய் கலந்தால் இளகும். ஆமணக்கெண்ணெய் தனியாக ஊற்றினால் மெல்லிய திரியில் ஏறாது. புன்னை எண்ணெய் கடற்கரை ஊர்களில் ஒரு காலத்தில் விளக்குக்கு எரித்தது. வாசனையும் புகையும் கடுமை, மூடிய வீட்டுக்கு ஆகாது. ‘தீப எண்ணெய்’ என்று வருகிற பாட்டில்களில் உட்பொருள் பட்டியலைப் படியுங்கள். பட்டியலே இல்லாததை வாங்காதீர்கள். எரியும்போது மண்ணெண்ணெய் வாடை அடித்தால் அன்றே நிறுத்திவிடுங்கள், மூடிய அறையில் பிள்ளைகள் அதைத்தான் மூச்சில் இழுக்கிறார்கள்.

புகை வருவதற்குப் பெரும்பாலும் எண்ணெய் காரணமில்லை, திரி நீட்டம்தான். விளிம்புக்கு மேலே 4, 5 மில்லிமீட்டருக்கு மேல் நீட்டினால் கரி எழும், கூரையில் வட்டம் விழும். விளிம்பைத் தாண்டி வெளியே தொங்க விட்டால் இன்னொரு தொல்லை: அணைந்த பிறகும் திரி வழியே எண்ணெய் ஏறி வெளியே சொட்டிக்கொண்டே இருக்கும், காலையில் அடித்தட்டு நிறைந்திருக்கும். ஆகவே திரி நுனி விளிம்பின் மேல் படுத்திருக்க வேண்டும், தாண்டக் கூடாது. சுடர் சடசடவென்று வெடித்தால் எண்ணெயில் தண்ணீர் இருக்கிறது. கழுவிய தட்டை ஈரத்தோடு வைத்ததுதான் காரணம்.

ஏற்றும்போது தீக்குச்சியை நேரே திரியில் காட்டாமல், சின்னக் கொடிவிளக்கை முதலில் ஏற்றி, அதிலிருந்து நிலவிளக்குக்கு மாற்றுவது பழைய முறை. குச்சித் தலைகள் எண்ணெயில் விழாது, இரண்டு திரிக்கும் அவசரமில்லாமல் சுடர் கிடைக்கும். நிலவிளக்கு வாங்கும்போதே கைப்பிடி வைத்த கொடிவிளக்கு ஒன்றும் வாங்கிவிடுங்கள். அணைக்கும்போது ஊதாதீர்கள். தூண்டுகோலால் திரியைப் பின்னுக்கு இழுத்து எண்ணெயில் அமிழ்த்தினால் புகையில்லாமல் அடங்கும். எப்போதாவது தட்டு முழுவதும் பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றவே கூடாது; எவர்சில்வர் தட்டு ஒன்றைக் கவிழ்த்து மூடுங்கள். திரைச்சீலைக்கும் விளக்குக்கும் இடையே மூன்றடி இடைவெளி இருக்கட்டும். பட்டுப்பாவாடையோ நைலான் துப்பட்டாவோ போட்ட பிள்ளை உட்காரும் தூரத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

விளக்கைத் தரையில் நேரே வைப்பது வழக்கமில்லை. ஆறு அங்குல மணையின் மேல் வைத்தால் தட்டு தரையிலிருந்து ஒன்றேகால் அடியில் நிற்கும், சம்மணமிட்ட பிள்ளையின் கண்ணுக்குச் சற்றுக் கீழே. சுடரைப் பார்க்க யாரும் அண்ணாந்து பார்க்க வேண்டாம், குனியவும் வேண்டாம். மேசைமேல் வைத்தால் வீட்டார் நின்றபடியே கும்பிட்டுவிட்டு நகர்ந்துவிடுவார்கள். தாழ்வான மணையில் வைத்தால் உட்காருவார்கள். இந்த விளக்கை நான் வலியுறுத்திச் சொல்லக் காரணமே இந்த உயரம்தான்.

குமரியில் ஆண்டு முழுவதும் சூரியன் மறைவது ஏறக்குறைய 6 மணிக்கும் 6:45-க்கும் நடுவில். அதனால் 6:30 என்று ஒரே நேரத்தை வைத்துக்கொள்ளலாம். டியூஷனும் பேருந்தும் அதோடு மோதும் என்பது தெரிந்ததே. எல்லோரும் வருவதற்காக விளக்கைத் தள்ளி வைக்காமல், இருப்பவர்கள் ஏற்றிவிடுவது நல்லது. வந்து சேர்கிறவர்கள் கை கால் கழுவி எரியும் விளக்கின் முன்னால் உட்காரட்டும். நாமம் சொல்கிற வீட்டில் நாமம், செபமாலை சொல்கிற வீட்டில் செபமாலை. அதற்குப் பிறகு அன்றைய நாளில் கிடைத்த ஒன்றை ஆளுக்கு ஒரு வாக்கியமாகச் சொல்லலாம்: மழை நின்றது, பாட்டியின் இருமல் குறைந்தது, கணக்கு வாத்தியார் பாராட்டினார். சின்னவர்கள் முதலில் சொல்லட்டும். பெரியவர்கள் முதலில் பேசினால் பிள்ளைகள் அதையே திருப்பிச் சொல்வார்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் இழுத்தால் அது வகுப்பாகிவிடும். சித்திரை விஷுவுக்குக் கனி காணும்போது இதே விளக்குதான் விடியுமுன் எரிய வேண்டும். பெரியவர்கள் பின்னாலிருந்து கண்ணைப் பொத்திக் கூட்டிவருகிற பிள்ளைக்கு முதலில் தெரிவது கொன்றைப்பூவும் கண்ணாடியும் இந்தச் சுடரும்தான். தினமும் தொட்டுப் பழகிய விளக்கு என்பதால் அந்தக் காலையில் சந்தோஷம் இரட்டிப்பாகும்.

காற்று ஒரு பிரச்சினை. ஆரல்வாய்மொழிக் கணவாய், செங்கோட்டைப் பக்கம் ஆனி, ஆடியில் அந்திக் காற்று திண்ணையில் எந்தச் சுடரையும் விடாது. அந்த ஊர்களில் இந்த விளக்கைத் திண்ணைக்கு என்று வாங்க வேண்டாம். உள்கூடத்தில், வாசலுக்கு நேர்கோட்டில் இல்லாத மூலையில் வையுங்கள். திண்ணைக்குக் கண்ணாடிக் கூண்டு போட்ட சிறு விளக்கு தனியாக இருக்கட்டும். குளச்சல், முட்டம் போன்ற கடலோர ஊர்களில் உப்புக் காற்றால் பித்தளை சீக்கிரம் மங்கும், வாரம் ஒருமுறை போதாமல் இருமுறை துலக்க வேண்டிவரும். நேரமில்லாத வீடானால் அங்கே வெண்கலத்துக்குக் கூடுதல் காசு கொடுப்பது நியாயம்.

துலக்குவதில் பலரும் தவறுவது வரிசையில். எண்ணெய்ப் பிசுக்கோடு நேரே புளி போட்டால் புளி வேலை செய்யாது. முதலில் விறகுச் சாம்பலோ சீயக்காயோ போட்டு எண்ணெயை எடுக்க வேண்டும். சாம்பலின் காரம் எண்ணெயைச் சோப்பாக்கிக் கழற்றிவிடும். வெந்நீரில் அலசி, அதற்குப் பிறகு நெல்லிக்காய் அளவு பழம்புளியில் ஒரு சிட்டிகை உப்புச் சேர்த்துத் தேய்த்தால் இரண்டே நிமிடத்தில் மஞ்சள் நிறம் எழும். உடனே கழுவிவிடுங்கள். ஊறட்டும் என்று விட்டால் துத்தநாகம் கரைந்து செம்பு மட்டும் மேலே நின்று இளஞ்சிவப்புத் திட்டுகள் விழும், அவை எளிதில் போகாது. கழுவியதும் துணியால் துடைத்து, பாகங்களைக் கழற்றிய நிலையிலேயே வெயிலில் வையுங்கள். மரைக்குள் ஈரம் நின்றால்தான் பச்சை பிடிக்கும். மாட்டும்போது மரையில் ஒரு சொட்டு எண்ணெய் தடவினால் அடுத்த வாரம் பிள்ளையே கழற்றுவான்.

குறைகளும் உண்டு. அடித்தட்டின் விளிம்பு பல விளக்குகளில் கூர்மையாகவே வருகிறது, வாங்கியதும் மெல்லிய உப்புத்தாளால் ஒரு சுற்று தேய்த்துவிடுங்கள். உச்சிக் கூம்பின் மரை சில வார்ப்புகளில் மிகக் குட்டை, கூம்பைப் பிடித்து விளக்கைத் தூக்கினால் கழன்று கையோடு வந்துவிடும். தண்டைப் பிடித்துத் தூக்கப் பிள்ளைகளுக்கு முதல் நாளே சொல்லிக்கொடுங்கள். 5-க்கு 4 கொடுக்கலாம்.

வீட்டில் ஆச்சி காலத்து விளக்கு பரணில் கிடந்தால் புதிதாக எதையும் வாங்காதீர்கள். கடையில் பழைய பித்தளைக்கு மாற்று என்று எடை போட்டு எடுத்துக்கொள்வார்கள், சேதாரம் என்று கழிப்பார்கள். பழைய வார்ப்பு பெரும்பாலும் இப்போது வருவதைவிடத் தடிமனாக இருக்கும். மரை மட்டும் தேய்ந்திருந்தால் கடைசல் பட்டறையில் புது மரை வெட்டித் தருவார்கள். மெஷின் பாலிஷ் போடச் சொல்ல வேண்டாம், சக்கரத்தில் தண்டின் வளையங்களும் அடியில் வெட்டிய பெயரும் தேய்ந்துபோகும். சாம்பலும் புளியும் போட்டு நாலைந்து வாரம் தொடர்ந்து துலக்கினால் கறுப்பு தானாகவே விடும்.